பயிற்சியாளர் ஷுபின் வாழைப்பழம் உரித்த வரலாறு

டென்னிஸ் என்ற விளையாட்டு ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வோபர்ன் டென்னிஸ் கழகத்தில்தான் பிறந்தது என்பதில் அகஸ்ரினுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அன்றுதான் ரஷ்யாவின் முன்னாள் வீரர் வலேரி ஷுபின் அங்கே பயிற்சியாளராகக் காலடி எடுத்து வைத்தார். அதற்கு முன் உலகம் ஏதோ பந்தைத் தட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவருடைய சாதனைகள் லேசுப்பட்டவையா? உலகத் தரவரிசையில் நானூற்றுப் பன்னிரண்டாம் இடம்! பூமியில் எண்ணூறு கோடிப் பேர் இருக்கிறார்கள் என்பதை அகஸ்ரின் மறக்காமல் சேர்த்துச் சொல்வார். பெரிய வீரர் ஒருவரையே ஷுபின் தோற்கடித்திருக்கிறார். அந்த வீரர் காய்ச்சலோடு பாதியில் போய்ப் படுத்ததெல்லாம் பொறாமைக்காரர் கிளப்பும் கதை.

பயிற்சி முறையும் தனி ரகம். ஷுபின் பேசமாட்டார். கதிரையில் சாய்ந்து கோப்பி குடிப்பார். மாதத்துக்கு ஒருமுறை "நோ" என்பார். அந்த 'நோ' யாருடைய பிள்ளைக்கு அருளப்பட்டது என்று பெற்றோரின் வாட்ஸப் குழு ஒரு வாரம் அடிபடும். குழுவின் தலைவரும் ஆஸ்தான ஒளிப்பதிவாளரும் அகஸ்ரின்தான்.

அவருடைய மகள் ஷரோனும் நாலு வருடமாக அங்கே விளையாடினாள். போன மாதம் ஒஷாவாவில் இறுதிப் போட்டியில் வென்று கோப்பையும் கொண்டுவந்தாள். மாகாணப் பயிற்சி முகாமில் இடம் கிடைக்க இனி ஒன்றுதான் பாக்கி: போட்டியில் ஆடிய வீடியோ, இரண்டு நிமிடம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"ஒஷாவா ஃபைனல் எடுத்தனீங்கள்தானே, அப்பா?"

"முழுக்க எடுத்தனான், பிள்ளை. ஒரு செக்கன் விடேல்லை."

உண்மைதான். வீடியோவில் ஷுபின் கொட்டாவி விட்டார். சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். வாழைப்பழம் ஒன்றை உரித்து, நிதானமாக உண்டார். பின்னணியில் பந்து அடிபடும் சத்தமும் கைதட்டலும்.

"சீரியஸா, அப்பா? நான் எங்கை?"

"சத்தம் கேக்குதுதானே? உது நீதான்."

ஷரோன் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டித் தன்னைத் தேடினாள். அகஸ்ரின் அதைக் கவனிக்கவில்லை. பழம் உரித்த பகுதியையே வெட்டி அனுப்பிவைத்தார்.

பதில் மூன்றாம் நாளே வந்தது: 'விண்ணப்பதாரர் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவராகத் தோற்றமளிப்பதால் பரிசீலிக்க இயலவில்லை.'

ஷரோன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அகஸ்ரின் பாராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்தார்.

விழாவில் ஷுபினுக்குப் பொன்னாடை போர்த்தி, 'டென்னிஸ் மாமணி' பட்டமும் வழங்கி, அந்தக் கடிதத்தை உயர்த்திக் காட்டினார்.

"வயது ஒண்டுதான் தடையாம். மற்றும்படி எங்கடை கோச்சிலை ஒரு குறையும் சொல்லேலாமல் போட்டுது!"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. ஷுபின் "நோ" என்றார். அடக்கம் என்று மீண்டும் தட்டினார்கள்.

மேடை ஏறுமுன் அகஸ்ரின் போனை மகளிடம் கொடுத்திருந்தார். "அப்பா பொன்னாடை போர்த்துறதை வடிவா எடு, என்ன?"

வீட்டுக்கு வந்ததும் சோபாவில் அமர்ந்து ஆவலோடு வீடியோவைப் போட்டார். மேடை இல்லை. மாமணி இல்லை. சரியாக இரண்டு நிமிடம், ஷரோனின் முகம் மட்டும் நேரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னணியில் யாரோ முழங்கிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இதிலை நான் எங்கை?"

"சத்தம் கேக்குதுதானே, அப்பா? உது நீங்கள்தான்."