இரட்டைத் தலை மயிலும் பவித்ராவின் பிடிவாதமும்

ஆரணி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சம்பந்தம் அவர்களுக்கு மைத்துனன் கமலக்கண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போளூரில் தாங்களும் தங்கை கீதாவும் குழந்தை பவித்ராவும் குறையில்லாமல் இருக்க அம்மன் துணை.

ஆபீஸ் வேலை போதாதென்று சம்பளமே இல்லாத கம்ப்யூட்டர் வேலை ஒன்றையும் பவித்ரா கட்டிக்கொண்டு அழுகிறாள், தாய்மாமன் என்ற முறையில் புத்தி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், என்னால் முடியாது. நான் புடவை டிசைன் வரையும் 'தறிவரை' என்ற இலவச மென்பொருள்தான் அவளுடைய அந்த வேலை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாமாம். ஆர்வலர்கள் தினமும் எதையாவது சேர்த்துப் பார்க்கச் சோதனைப் பதிப்பு ஒன்று. என்னைப் போல அதை நம்பிப் பிழைப்பவர்களுக்கு நிலையான பதிப்பு ஒன்று. இந்த இரண்டாவதற்குத்தான் நம் பெண் காவல்.

போன வாரம் சேத்துப்பட்டு திலகவதி அம்மா மகளின் முகூர்த்தப் புடவைக்கு மயில் முந்தி வரைந்தேன். வழக்கத்தைவிட அகலமான முந்தி. சரிபார்க்காமல் அப்படியே நெசவாளர் திருமலையிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் தறியில் போய்ப் பார்த்தால், மயிலுக்கு வால் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு தலை! ஒரு முழம் நெய்தாயிற்று, அசல் ஜரிகையில். "ஏம்ப்பா, கண்ணு தெரியலியா?" என்றேன். "நீங்கதான் புதுசா ஏதோ வரைஞ்சிகினு இருக்கீங்கன்னு நெனைச்சேங்க" என்கிறார் மனிதர். முகூர்த்தத்துக்கு இருபதே நாள். அழுகையே வந்துவிட்டது, மாப்பிள்ளை.

பவித்ராவுக்குப் போன் போட்டேன். "மாமா, பேஜாராவாதீங்க. ஃபைலை அனுப்புங்க, எதையும் அழிச்சிடாதீங்க" என்றாள். ஒரு மணி நேரத்தில் தவறைப் பிடித்துவிட்டாள். முந்தி அகலமானால் மட்டும் வருகிற தவறாம், திருத்த மூன்றே வரியாம். சரி, ஜல்தியாகக் கொடு என்றால் கொடுக்கவில்லை! யாரோ எங்கோ எப்போதோ வரைந்த பழைய டிசைன்கள் முந்நூற்றுச் சொச்சத்தையும் ஓட்டிப் பார்த்து, ஒன்றிலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று தெரிந்து, அதையும் வேறு இரண்டு பேர் சரிபார்த்த பிறகுதான் வெளியிடுவாளாம். இரண்டு நாள் ஆயிற்று. சும்மா இருக்கிறோமே என்று கொசுறாக ஒன்று கேட்டேன், "கையோட கோபுரக் கரைக்கும் ஒரு பட்டன் வெச்சிடும்மா." முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாள்: "இதுல தப்பைத் திருத்துவேன் மாமா. புதுசா ஒண்ணும் சேர்க்க மாட்டேன்." சொந்த மாமனுக்கே இந்தக் கறார்!

மூன்றாம் நாள் வந்தது. ஒரு தலை, ஒரு வால். அதுமட்டுமா, திருத்தங்களின் பட்டியலில் 'தவறைக் கண்டுபிடித்தவர்: ஆரணி கமலக்கண்ணன், நன்றி' என்று போட்டிருக்கிறாள். பிரிண்ட் எடுத்துக் கடையில் மாட்டிவிட்டேன். முகம் தெரியாத எத்தனையோ பேரின் வேலை கெடக்கூடாது என்று ஒரு பெண் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கா நான் புத்தி சொல்வது? எனக்குப் பெருமையாக இருக்கிறது, மாப்பிள்ளை. தயவுசெய்து அவளைத் திட்டாதீர்கள். அவள் பிடிவாதம் நம் குடும்பத்துக்கே கிடைத்த வரம்.

பவித்ரா தீர்க்காயுசாக இருக்கட்டும். தங்கைக்கு என் ஆசி. தங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கமலக்கண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் திலகவதி அம்மா மகளோடு தறிக்கு வந்தார். திருமலை அறுத்துப் போட்டிருந்த அந்த ஒரு முழத்தைப் பெண் பார்த்துவிட்டாள். ஊரில் யாரிடமும் இல்லாத மயிலாம். முகூர்த்தத்துக்கு அதுதான் வேண்டுமாம், சித்தி பெண்களுக்கும் சேர்த்து மொத்தம் ஆறு புடவை! நான்தான் பழைய பதிப்பை அழித்துத் தொலைத்துவிட்டேனே. கையால் வரைந்து பார்த்தால் அந்த இரண்டாவது தலை அப்படி அமையவும் இல்லை. உடனே பவித்ராவுக்குப் போன் செய்து, அந்தத் தவறைத் திரும்பப் போடும்மா என்று கெஞ்சினேன். "தப்பைச் சேர்க்கிறதும் புதுசா சேர்க்கிறதுதான் மாமா" என்று வைத்துவிட்டாள். பெண் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது, மாப்பிள்ளை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் போளூர் வருகிறேன். நீங்கள் கேட்ட புத்தியை நேரிலேயே சொல்லிவிடுகிறேன்.