நம்பர் நானாவும் ஏழு எட்டு ஆறும்

கற்பிட்டியிலிருந்து பாலாவி வரைக்கும் ஓடுகிற வாகனங்களில் நம்பர் நானா எடை போடாத வாகனம் ஒன்றுகூடக் கிடையாது. மோட்டார் வாகனத் திணைக்களம் வாகனத்தைப் பதிவு செய்வதோடு சரி. அதற்கு மரியாதை உண்டா இல்லையா என்று தீர்மானித்தவர் எங்கள் எத்தாளைச் சந்தியில் நின்ற நானாதான்.

அவருடைய சொந்தப் பெயரைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. வாடகைக்குப் போகிற ஹயர் வான் ஓட்டினார். ஹயர் இல்லாத நேரங்களில் சந்தித் தேத்தண்ணிக் கடை வாசலில் நிற்பார். நிற்பார் என்பதும் பொய். சாவிக்கொத்தைச் சுண்டிக்கொண்டு கடைக்கும் ரோட்டுக்குமாக அலைவார். கடைக்காரர் அவருக்குக் கதிரை போடுவதையே நிறுத்திவிட்டார். தூரத்தில் ஒரு வாகனம் தெரிந்தால் போதும், கோப்பையோடு ரோட்டில் இறங்கிவிடுவார். பாதித் தேத்தண்ணி இடுப்புச் சாரத்தில், மீதி காற்றில்.

முகம் பார்க்கிற பழக்கம் அவருக்கு அறவே இல்லை. நம்பர்தான் முகம். நடுவில் ஸ்ரீ எழுதிய பழைய நம்பர் என்றால் பரம்பரைப் பணக்காரர், மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட வேண்டும். நடுவில் கோடு மட்டும் போட்டிருந்தால் பென்ஷன்காரர், ஹோன் அடிக்கமாட்டார். இரண்டு ஆங்கில எழுத்து என்றால் சவூதியில் வெயில் குடித்துச் சம்பாதித்தது. மூன்று எழுத்து என்றால் குரலைத் தாழ்த்தி, "புதுப் பணம் தம்பி. பாதிக்கு மேல லீசிங்" என்பார். எங்கள் சாச்சா, வாப்பாவின் தம்பி, கொழும்பிலிருந்து வந்து, அவரோடு நின்று அரை மணி நேரம் கதைத்துவிட்டுப் போனார். ஆள் எப்படி என்று நானாவிடம் கேட்டேன்.

"ஆளக் கவனிக்கல்ல தம்பி. நம்பர் நல்ல நம்பர்."

ஒருமுறை வான் கூரையில் சாமான் கட்டும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டார். அம்புலன்ஸ் வந்தது. தூக்கப் போனவர்களை நிறுத்தி, மணலில் கிடந்தபடியே அதன் நம்பரைக் கூட்டிப் பார்த்தார். எட்டு வந்தது. எட்டு என்றால் சனியன், ஏறமாட்டேன் என்று ஒரே பிடியாய் நின்றார், அதாவது கிடந்தார். வேறு நம்பரில் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள் என்று சாரதியைக் கெஞ்சினார். கடைசியில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது வெங்காயம் ஏற்றிய ஒரு லொறியில். அதன் கூட்டுத்தொகை ஐந்து. வழியெல்லாம் கண்ணீர் விட்டாராம், வலியிலா வெங்காயத்திலா என்று அவருக்கே தெரியவில்லை.

இன்னொரு நாள் நம்பரே இல்லாத கறுப்பு ஜீப் ஒன்று சந்தியைக் கடந்தது. பெரிய ஆட்களின் நம்பர் சின்னதாக இருக்கும், மிகப் பெரிய ஆளுக்கு நம்பரே இருக்காது என்பது நானாவின் கணக்கு. ரோட்டோரம் விறைத்து நின்று சலூட் அடித்தார். அவரைப் பார்த்து நாங்களும் எழும்பி நின்றோம். ஜீப்பிலிருந்து இறங்கியவர் நாங்கள் தினமும் காண்கிற வெங்காய ஹாஜியார். புதிதாக வாங்கிய ஜீப், பதிவு முடிந்து தகடு இன்னும் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அடித்த சலூட்டைத் திரும்ப வாங்க முடியுமா? அன்றிலிருந்து ஹாஜியாரைக் கண்டால் நானா கொஞ்சம் குனிந்தேதான் கதைத்தார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஆண்டவன் கொடுத்த சோதனை அவருடைய சொந்த வானின் நம்பர். 7386. அந்த மூன்று மட்டும் இல்லாவிட்டால் 786. பிஸ்மிக்குரிய எண் என்று எங்கள் ஆட்கள் கடைப் பலகையிலும் கல்யாணக் கார்டிலும் போடுகிற இலக்கம். வாசல் வரைக்கும் வந்த பறகத்தை, இறை அருளை, ஒரு மூன்று மறித்துக்கொண்டு நிற்கிறதே என்று நானா துடித்தார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. இங்கே உப்புக்காற்று இரும்பை மட்டுமல்ல, எழுத்தையும் தின்னும். மீன்பிடி சீசனுக்கு முன்னால் வள்ளங்களுக்குப் பெயிண்ட் அடித்து நம்பர் எழுதுகிற சூசை அண்ணனிடம், வாகனத் தகடுகளையும் கழற்றிக்கொண்டு போய் எழுத்தைப் புதுப்பித்துக்கொள்வோம். வள்ளத்துக்கு எழுதினால் சரி, வானுக்கு எழுதினால் பிழையா? அப்படி ஒரு கேள்வியே எங்கள் யாருக்கும் எழும்பியதில்லை. நானாவும் போனார். ஆனால் அவர் எழுத்தைப் புதுப்பிக்கச் சொல்லவில்லை. புதுத் தகடே செய்யச் சொன்னார்.

சூசை அண்ணன் வள்ளத்துக்கு வேலை செய்கிற மாதிரியே மனம் வைத்துச் செய்தார். ஏழும் எட்டும் ஆறும் தேங்காய்ப் பருமன். மூன்று, ஏழின் காலடியில் ஓர் எறும்பு. மேலே பிறை. நாலு பக்கமும் நீல அலை. மூலைக்கு ஒரு மீன். மீன் வேண்டாம் என்று நானா சொல்லிப் பார்த்தாராம். மீனில்லாமல் தன் கை ஓடாது என்று சூசை அண்ணன் சொல்லிவிட்டார்.

இந்தத் தகடு வானில் ஏறிய அன்று நானா சந்தியில் இறங்கி ஒரு கதை விட்டார். கொழும்பில் பெரிய இடத்தில் கையெழுத்து வாங்கி எடுத்த ஸ்பெஷல் நம்பராம். பழைய தகட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இந்த நம்பரைக் கண்டால் எந்தப் பொலிசும் மறிக்காதாம், மறித்தவரின் தொப்பி போய்விடுமாம். மீன் எதற்கு என்று ஒருவர் கேட்டார். புத்தளம் மாவட்டத்துக்கு மீன்தான் அடையாளம் என்றார் நானா, கண் இமைக்காமல். சூசை அண்ணனின் கைவேலை என்று எங்களுக்குத் தெரிய வந்தது பின்னால்தான், அன்று நாங்கள் நம்பினோம். வெங்காய ஹாஜியார் எல்லோரையும்விட அதிகமாக நம்பினார்.

அதற்குப் பிறகு நானாவின் வான் இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணம் இல்லை என்றாகிவிட்டது. மாப்பிள்ளை ஏழு எட்டு ஆறில் போய் இறங்கினால்தான் மாப்பிள்ளை. ஆலங்குடாவுக்கு, இடுப்பில் பட்டம் கட்டிப் பலகையில் நின்று கடலில் ஓட வருகிற வெள்ளைக்காரர்கள்கூட அந்தத் தகட்டோடு நின்று படம் எடுத்தார்கள். நானா அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, தகட்டைச் சாரத்தால் துடைத்துவிட்டுத்தான் எடுக்க விடுவார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பெண் பேசியது புத்தளத்தில். மாமனார் உப்பளக்காரர். பெண்ணுக்குக் கொழும்பிலிருந்தும் ஒரு இடம் வந்திருந்தது. மூன்றெழுத்துக் கார், குளிரூட்டிய கடை, எல்லாம் உள்ள இடம். பெண் என்னைத்தான் என்று சொன்னதால் மாமனார் அரை மனதோடு இறங்கி வந்தார். ஆனால் ஒரு சொல் சொல்லியனுப்பினார். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் நிகாஹ். அதற்குப் பிறகு மௌலவி இன்னொரு நிகாஹுக்குச் சிலாபம் போகிறார். பிந்தினால் "பொறகு யோசிப்பம்". அந்த "பொறகு யோசிப்பம்" என்பதில் கொழும்புக் கார் ஒன்று ஸ்டார்ட் செய்தபடி நிற்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டு இரவு தூக்கமில்லை.

பெண்கள் பஸ்ஸில் காலையிலேயே போய்விட்டார்கள். நானும் வாப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் நானாவின் வானில். முன் சீட்டில் நான், புதுக் கோட்டு, தொப்பி, சட்டைப்பையில் அத்தர் போத்தல். பின்னால் தேத்தண்ணிக் கடைக்காரர், வெங்காய ஹாஜியார், இன்னும் கொள்ளாத அளவுக்கு ஆட்கள். நுரைச்சோலை தாண்டும் வரைக்கும் நானா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். பாலாவிக்குக் கிட்டே ஒரு பொலிஸ் சாஜன் ரோட்டின் நடுவில் இறங்கிக் கையை நீட்டினார்.

"பயப்படாதீங்க மாப்புள. நம்பரக் கண்டதும் விடுவார்" என்றார் நானா.

நம்பரைக் கண்டுதான் மறித்திருக்கிறார் சாஜன். வானின் முன்னால் குனிந்தார். அலையைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். நிமிர்ந்து, இது வானா வள்ளமா என்று சிங்களத்தில் கேட்டார். நானா தன் ஸ்பெஷல் நம்பர்க் கதையை ஆரம்பித்தார். சாஜன் பொறுமையாகக் கேட்டார், கோபப்படவே இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. வாகன வரிப் பத்திரத்தை வாங்கி, அதில் இருந்த மூன்றைத் தகட்டில் தேடினார். எறும்பைக் கண்டுபிடித்ததும் சிரித்துவிட்டார்.

பிறகு தமிழில் சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"நானா, நம்பர் வாகனத்துக்குத்தான், ஆளுக்கு இல்ல. அந்த எழுத்தெல்லாம் எந்த வகை வாகனம், எந்த வரிசையில பதிஞ்சது எண்டு காட்டத்தான். மந்திரிட காரா இருந்தாலும் நான் மறிச்சா நிக்கோணும். தகடு திணைக்களம் தாறதுதான் பூட்டோணும். பெருப்பிக்க ஏலாது, சிறுப்பிக்க ஏலாது, மீன் கீற ஏலாது. பழுதானா எழுதிக் கேட்டா வேற தருவாங்க."

நானா அதுவரை நம்பிய முழு உலகமும் பாலாவி வெயிலில் இப்படிச் சுருக்கமாக முடிந்தது. வானை ஸ்டேசனுக்கு எடுக்க வேண்டும் என்றார் சாஜன். வாப்பா இறங்கிப் போய்க் கெஞ்சினார். கல்யாணம் என்று சாஜனுக்கும் என் கோட்டைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஒரேயொரு வழி சொன்னார். திணைக்களம் தந்த தகடு கையில் இருந்தால் இப்போதே பூட்டுங்கள், வழக்கை மட்டும் எழுதிக்கொண்டு விடுகிறேன்.

திணைக்களத்துத் தகடு எங்கே? அதைத்தான் கொழும்பில் வாங்கி வைத்துக்கொண்டார்களே! வேறு வாகனம் பிடிப்போம் என்று வாப்பா ரோட்டில் கையைக் காட்டினார். பொலிசைக் கண்ட முச்சக்கர வண்டிகள் எல்லாம் வந்த வழியே திரும்பின. மாமனார் வீட்டிலிருந்து ஃபோன் அடிக்கத் தொடங்கியது. எடுக்கப் பயமாக இருந்தது, எடுக்காமலிருக்க அதைவிடப் பயம். கழுதையொன்று ரோட்டைக் கடந்தது, அதற்கு மட்டும் அவசரமே இல்லை.

நானாவைப் பார்த்தேன். அலைந்தே பழகிய மனுஷன் அசையாமல் நின்றார். சாவிக்கொத்துச் சத்தம் இல்லை. வானுக்குள் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைக்காரர், ஹாஜியார், வாப்பா. முகம் பார்க்காத மனுஷன் அன்றைக்குத்தான் முகங்களைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"மாப்புள, கொஞ்சம் எழும்புங்க."

எழும்பினேன். என் சீட்டைத் தூக்கினார். அடியில் பழைய சாரமொன்றில் சுற்றி, ஒரு சோடித் தகடு. எத்தாளையிலிருந்து நான் அதன்மேல்தான் குந்திக்கொண்டு வந்திருக்கிறேன். சுருளைப் பிரித்தார். 7386. மூன்று மற்ற இலக்கங்களோடு சரிசமமாக நின்றது.

வெங்காய ஹாஜியார்தான் வாயைத் திறந்தார்.

"நானா, அப்ப கொழும்புக் கையெழுத்து?"

"கொழும்பும் இல்ல, கையெழுத்தும் இல்ல ஹாஜியார். சூசைட கை."

சொல்லிவிட்டு ஸ்க்ரூட்ரைவரோடு வெயிலில் குந்திவிட்டார். பின்பக்கத் தகடு கழன்றது. முன்பக்க ஆணியை உப்பு இறுக்கிப் பிடித்திருந்தது. அசையவில்லை. எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். சாஜனிடமும் இல்லை. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்து அத்தர் போத்தலை எடுத்து நீட்டினேன். உம்மா மக்காவிலிருந்து வரவழைத்துத் தந்த அத்தர். நானா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பிஸ்மி சொல்லி ஆணியில் கவிழ்த்தார். கழன்றது. பழைய தகட்டைப் பூட்டிவிட்டு, சூசை அண்ணனின் தகட்டை ஒருமுறை சாரத்தால் துடைத்தார், வெள்ளைக்காரர்களுக்குத் துடைக்கிற மாதிரியே. பிறகு சாஜனின் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாண மாப்பிள்ளை ரோட்டில் நின்று அழுகிறதைக் கண்டு சாஜன் பதறி, கெதியாப் போங்க என்று வேறு வாகனங்களை மறித்து எங்களுக்கு வழி விட்டார்.

அங்கிருந்து நானா ஓட்டிய ஓட்டத்துக்கு இன்னொரு வழக்கு எழுதியிருக்கலாம். வானின் முன்பக்கம் புத்தளம் வரைக்கும் மணத்துக்கொண்டே போனது. பாங்கு சொல்ல முன்னால் மாமனார் வீட்டு வாசலில் நின்றோம். மௌலவி செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றவர் கழற்றினார்.

மாமனார் நேரே வானின் முன்னால் வந்தார். ஏழு எட்டு ஆறில் மாப்பிள்ளை வருவதாகப் புத்தளம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாராம். குனிந்து தகட்டைப் பார்த்தார். எங்கே அந்த நம்பர் என்று கேட்டார். என் ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"மாப்புளயக் கொண்டு வந்தன். நம்பரக் கொண்டு வரல்ல" என்றார் நானா.

மாமனார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

வழக்குக்கு நானும் வருகிறேன் என்றேன், விடவில்லை. கல்யாண வீட்டுக்காரன் கோர்ட்டுப் படி ஏறக்கூடாது என்று தனியாகவே போய், குற்றத்தை ஒத்துக்கொண்டு வந்தார். சந்தியில் யாராவது, எங்கே நானா உங்கட ஸ்பெஷல் நம்பர் என்று சீண்டினால், ஒரு மாப்பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டேன் என்பார். கல்யாண ஹயர்கள் குறைந்தன. சூசை அண்ணன் வேறொரு தகடு எழுதித் தருகிறேன், இந்த முறை மீன் இல்லாமல் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். நானா மாட்டேன் என்றுவிட்டார். இப்போது வருகிற புது நம்பர்களில் மாகாண எழுத்தும் இல்லை. ஊர் தெரியாத நம்பருக்கு என்ன மரியாதை என்று அதற்கும் கொதிக்கிறார்.

நான் இப்போது புத்தளத்தில் மாமனார் வீட்டோடு இருக்கிறேன். நானா வாரத்துக்கு ஒருமுறை எங்கள் தெருவுக்கு வருவார், குந்தமாட்டார், சாவியைச் சுண்டிக்கொண்டே பிள்ளைகளின் பெயரைப் பிழையாகக் கூப்பிட்டுவிட்டுப் போவார். வான் இன்னும் அதே வான்தான். உப்புக்காற்று அந்தத் தகட்டில் மூன்றையும் விடவில்லை, ஏழையும் விடவில்லை, திணைக்களத்துக்கு எழுதி வேறு தகடு கேளுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஆனால் தெருமுனையில் அது திரும்பும்போதே என் மனைவி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிடுகிறாள். எங்கள் வீட்டில் அந்த நம்பரை வாசித்துப் பார்த்து யாரும் கதவைத் திறப்பதில்லை.