வாலாட்டும் கார்

"சும்மா ஓட்டிப் பாத்தா என்ன தெரியும், டாக்டர்? லோடு ஏத்திப் பாக்கணும். அப்பத்தான் வண்டியோட யோக்கியதை வெளியே வரும்."

சொல்லிக்கொண்டே, கார் வாங்க வந்த தொப்பிக்காரர் இன்னொரு மூட்டையை டிக்கிக்குள் திணித்தார். காரை விற்கும் பல் டாக்டர் டிக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த யோக்கியதை எப்பேர்ப்பட்டது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

காலியாகப் போனால் கார் பசு மாதிரி சாது. பாரம் ஏறிவிட்டால் முன்பக்கம் ஒரு திசை, பின்பக்கம் ஒரு திசை. அடுத்த வாரம் மாமனார், மாமியார், மைத்துனர் என்று எல்லோரும் பெட்டி படுக்கையோடு இதே காரில் மலைக்குப் போவதாக அவர் மனைவி முடிவு செய்துவிட்டாள். அதற்குள் இதை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும்.

"வண்டி சரியில்ல" என்று வீட்டில் சொல்லிவிடலாம்தான். ஆனால் வாங்கும்போதே, "இது வேணாங்க" என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டது இவர் வாய். இப்போது உண்மையைச் சொல்வதைவிட மலையிலிருந்து உருள்வதே மேல் என்று அவருக்குத் தோன்றியது.

"மூட்டையில என்னங்க இருக்கு?"

"எடைக்குத்தான் டாக்டர். நாங்க வியாபாரம் பண்றவங்க. எங்களுக்கு வண்டின்னா சுமை இழுக்கணும்."

தொப்பிக்காரரின் மச்சினன் பின்சீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே தன்னைச் செருகிக்கொண்டார். நல்ல வாட்டசாட்டமான ஆள். கார் பின்பக்கமாகக் குந்தி உட்கார்ந்தது.

"நீங்களே ஓட்டுங்க டாக்டர். நான் காது கொடுத்துக் கேக்கறேன்" என்றார் தொப்பிக்காரர்.

முதல் வளைவிலேயே பின்பக்கம் ஒரு சுழட்டு சுழட்டியது. டாக்டர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"என்ன டாக்டர், வாலாட்டுது?"

"காத்து... பின் டயர்ல கொஞ்சம் காத்து கம்மி. வேற ஒண்ணுமில்ல."

பெட்ரோல் பங்கில் நிறுத்தி, "கல்லு மாதிரி அடிங்க" என்றார். அவர்களும் அப்படியே அடித்துவிட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு குழிக்கும் கார் எம்பிக் குதித்தது. மச்சினன் தலை கூரையில் மோதும் ஓசை தவறாமல் வந்தது.

"டிக்கியில பாரம் அதிகம். பின்னாடி அமுங்கி முன்னாடி தூக்கிக்குது. அப்புறம் ஸ்டியரிங் எப்படிப் பேச்சு கேக்கும்?" என்றார் தொப்பிக்காரர்.

டாக்டர் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தார். இந்த ஆள் இன்னும் இரண்டு வளைவில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார்!

"அப்ப மூட்டையை மேல கேரியர்ல கட்டிடலாமே!" என்று வாயைக் கொடுத்தார். டாக்டரே ஏறிக் கயிறு கட்டினார்.

சனி எங்கேயும் போய்விடவில்லை, டிக்கியிலிருந்து கூரைக்கு மாறியிருந்தது. இப்போது கார் வலது பக்கம் சாய்ந்தால் எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தது, எழுந்ததும் இடது பக்கம் விழப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு இறக்கம் வந்தது. எதிரே ஒரு பஸ்ஸும் வந்தது.

"அத்தான், நான் இந்தப் பக்கம் சாஞ்சுக்கட்டுமா?"

"அசையாதடா! மூச்சைக்கூட மெதுவா விடு!"

டாக்டர் பிரேக்கை மெல்ல மிதித்தார். கிளினிக் நாற்காலியில் சாய்ந்தபடி, "வலிக்காதில்ல டாக்டர்?" என்று கேட்ட அத்தனை பேர் முகமும் வரிசையாக வந்து போனது. எல்லோரிடமும் "எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்லியிருக்கிறார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்தது.

இறக்கம் முடிந்ததும் காரை ஓரங்கட்டினார்.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. லோடு ஏத்தினா இது இப்படித்தான் ஆடும். தெரிஞ்சே மறைச்சு உங்க தலையில கட்டப் பாத்தேன். ரெண்டு உயிரைக் கொல்ல இருந்தேனே!"

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று டாக்டர் தலையைக் குனிந்தார்.

"பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் போயிடுச்சு டாக்டர். மாத்திடுங்க. பாரத்தை உயரத்துல ஏத்தாம, தாழ, சீட்டை ஒட்டி வைங்க. மலைக்குக்கூட தைரியமாப் போகலாம்."

"கோபம் இல்லையா?"

"மனுஷன்னா பயப்படத்தான் செய்வான். உண்மையை ஒத்துக்கிட்டீங்களே, அது எத்தனை பேருக்கு வரும்? ஆனா வண்டி நமக்குச் சரிப்படாது. அடுத்த தெருவுல தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு. சுமையை அங்க இறக்கிடலாம். இதோட நீங்க திரும்பிப் போறது ஆபத்து."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதர்! ஏமாற்ற வந்தவன் உயிருக்கு அவர் கவலைப்படுகிறாரே!

ஊர்ந்து ஊர்ந்து அந்த வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

"நீங்க இருங்க, நான் தூக்கறேன்" என்றார் டாக்டர். தொப்பிக்காரர் எவ்வளவோ வேண்டாம் என்றார். இவர் கேட்கவில்லை. செய்த பாவத்துக்கு இதுவாவது செய்ய வேண்டாமா? மூட்டை மூட்டையாக முதுகில் சுமந்தார். டிரங்குப் பெட்டிகளை மூச்சு வாங்க ஏற்றினார். கடைசியில், "உங்க குடும்பத்துல யாருக்குப் பல்வலி வந்தாலும் நேரா என்கிட்ட வந்துடுங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினார்.

முதல் மாடியைத் தாண்டும்போது மேலேயிருந்து மச்சினனின் குரல் கேட்டது.

"அத்தான், இனிமே பழைய வீட்டுல பீரோவும் கட்டிலும்தான் பாக்கி. யாராச்சும் லாரி விக்கிறாங்களான்னு பாருங்க!"