குறையாத சென்ட் குப்பி

அவருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கோடை வெயிலில், பயந்து வியர்க்கும் மாணவர்களோடு ஒரு சின்னக் காருக்குள் நாளெல்லாம் அடைந்து கிடந்தவர் ஒரு மாலை சபதம் எடுத்தார். உலகம் எப்படி வேண்டுமானாலும் நாறட்டும், இனி தான் மணக்க வேண்டும்.

தனக்கென்று உசத்தியான சென்ட் வாங்கினால் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்காரும். மனைவிக்கு என்று சொல்லி, ஆணும் பெண்ணும் போடுகிற மாதிரி வாங்கினால்? தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

கடையில் முழங்கை வரை அடித்துப் பார்த்து, மோந்து மோந்து தலைசுற்றி, கடைசியில் ஒன்றைப் பிடித்தார். எலுமிச்சம்பூவும் கடற்காற்றும் கலந்த மணம்.

"யார் வேணா போடலாம் சார்," என்றாள் விற்பனைப் பெண். "தீந்துட்டா மூடியைத் திருகி மறுபடி நிரப்பிக்கலாம்."

வீட்டில் குப்பியை நீட்டியதும் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கா?"

"உனக்கேதான்."

"அப்ப உங்க கை ரெண்டும் ஏன் மணக்குது?"

"உனக்காகப் பட்ட பாடு."

"பாவம். விசேஷத்துக்குப் போட்டுக்கறேன்," என்று அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் அவள் குளிக்கப் போனதும் சட்டைக்கு இரண்டு அடி அடித்தார். அதற்கப்புறம் தினமும் அதுதான் வேலை. போகப் போக மணம் கொஞ்சம் மாறினாற்போல் இருந்தது. உசத்தியான சரக்கு, உடம்புக்குத் தக்கபடி மாறும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். இன்னொரு அதிசயம், எவ்வளவு அடித்தாலும் குப்பி குறையவே இல்லை. கொடுத்த காசுக்கு மோசமில்லை என்று பூரித்துப்போனார்.

கார் பழக வந்த பல் டாக்டரம்மா மூக்கைச் சுளித்தாள்.

"இந்த வாசனையை எங்கேயோ மோந்திருக்கேனே சார்?"

"வாய்ப்பே இல்லம்மா. பெரிய இடத்துச் சரக்கு. நீங்க கிளட்சை கவனிங்க."

விடுமுறை நாளில் கடைக்குக் கிளம்பினார். பையை நீட்ட மனைவி அருகில் வந்தாள். குப்பென்று எலுமிச்சம்பூ, பின்னாலேயே கடற்காற்று. கடையில் மோந்த அதே மணம்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார், வேறெதுவும் கேட்கத் தைரியமில்லாமல்.

"எங்கேயும் இல்ல. இது நான் தினமும் போடுறதுதான். மறந்துடாதீங்க, செருப்பு அலமாரிக்கு அடிக்கிற ஸ்ப்ரே தீந்துபோச்சு. இந்தத் தடவை பெரிய பாட்டிலா வாங்குங்க, பாதி உங்க சட்டைக்கே போயிடுது."