மரத்துப்போன வாயும் மதுரைக் கம்ப்யூட்டரும்

பண்ணைக்காடு,
மார்ச் 1984

பேரன்புடைய அத்தான் உபகாரம் அவர்களுக்கு,

அமலி பணிவோடு எழுதுவது. தாங்களும் அக்காவும் வத்தலக்குண்டில் சுகமாகவும் முழுப் பல்லோடும் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். எனக்கு இப்போது இரண்டும் இல்லை.

புராஜெக்ட் அறிக்கையை வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக எழுதலாம் என்றுதான் மதுரையிலிருந்து வந்தேன். மழை அளவைக் கொடுத்தால் காப்பி விளைச்சலைச் சொல்லும் புரோகிராம். அந்தப் புரோகிராமைப் பதித்த துளையிட்ட அட்டைகளைச் சிநேகிதி சண்முகசுந்தரியிடம் விட்டு, பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் ஓட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை வைவா, பேராசிரியர் முன்னால் வாய்மொழித் தேர்வு. வந்த அன்றே அம்மாவின் முறுக்கு என் கடைவாய்ப் பல்லை உடைத்துவிட்டது. "முறுக்கு பூவாட்டம் இருக்கு, ஒம் பல்லுதான் சரியில்ல" என்று அம்மா சாதிக்கிறார். அப்பா கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனார். பல் டாக்டர் குருநாதன் ஓட்டையை அடைத்து, "கடிக்காம பாத்துக்கங்க" என்றார். நான் எதையும் கடிக்கவில்லை, அத்தான். திரும்பி வரும்போது பஸ் ஒரு வளைவில் குலுங்கிய குலுக்கலில் அடைப்பு கழன்று தொண்டைக்குள் போய்விட்டது. மறுநாள் கன்னம் பன்னாக வீங்கிற்று. மறுபடி டாக்டர். ஊசி போட்டு இழுத்தார். பாதிப் பல் அவர் கையோடு வந்தது, மீதி வேர் என்னோடு தங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. "மிச்சத்தை வியாழக்கிழமை எடுத்துருவோம்" என்றார் இருட்டில்.

அந்த இருட்டில் கிடந்தபோதுதான் சுருக்கென்று உறைத்தது: மழை அதிகமானால் விளைச்சல் குறைய வேண்டும், ஓர் அட்டையில் மைனஸுக்குப் பதில் பிளஸ் போட்டுவிட்டேன்! வெள்ளம் வந்தால் செடியெல்லாம் காய்த்துக் கொட்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லுமே! தபாலாபீசுக்கு ஓடி, மதுரைக்கு டிரங்க் கால் போட்டு, சுந்தரி லைனில் வந்ததும் "மைனஸ் போடு" என்றேன். உதடு மரத்திருந்ததால் "ஐனஸ் ஓடு" என்றுதான் வந்தது. "ஏண்டி அழுகுற? வீட்ல யாருக்கு என்னாச்சு?" என்று அவள் அங்கே அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, போனைப் பிடுங்கினார். நான் தாளில் எழுதிக் காட்டியதைப் பார்த்து, "தாயி, நான் அமலி அப்பன் அடைக்கலராஜ் பேசுறேன். மைனஸ் போடணுமாம்" என்றார். எந்த அட்டையில் என்று கேட்டிருப்பாள் போல. என் பக்கம் திரும்பினார். நான் ஒற்றை விரலைக் காட்டி, மற்றதெல்லாம் வேண்டாம் என்று கையை வீசினேன். அப்பா முகம் தெளிந்தது. "எல்லாத்துலயும் போட்டுரு தாயி! வெரசா!" என்று கத்தினார். லைன் அறுந்தது. அப்புறம் கிடைக்கவே இல்லை.

எல்லாம் மைனஸ் ஆனால் என்ன ஆகும் தெரியுமா அத்தான்? காப்பிக்கொட்டையை நாமே கொண்டுபோய்ச் செடிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதைத்தான் பேராசிரியர் பொன்னுச்சாமி முன்னால் நான் இந்தக் கன்னத்தோடு விளக்க வேண்டும். இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஆகையால் கடிதம் கண்டதும் மதுரைக்குப் பஸ் ஏறி, சுந்தரியைப் பார்த்து, 'அதிக மழை' என்று எழுதிய அட்டையில் மட்டும் மைனஸ் என்று சொல்லுங்கள். தபாலை நம்பினால் வைவாவே முடிந்துவிடும் என்பதால் அப்பா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் முத்தங்கள், வீங்காத பக்கத்திலிருந்து.

தங்கள் கொழுந்தி,
அமலி

பின்குறிப்பு: மதுரைக்குப் போகவே போகாதீர்கள்! அப்பா சட்டை மாட்டும்போதே சுந்தரியின் தந்தி வந்துவிட்டது. கம்ப்யூட்டர் திங்கட்கிழமையிலிருந்தே ரிப்பேராம், ஓர் அட்டையும் ஓடவில்லையாம், வைவா அடுத்த மாதமாம். அப்பாதான் கேட்கமாட்டேன் என்கிறார். "நான் எல்லாத்துலயும் போடச் சொன்னதாலதான் மிசினு படுத்துருச்சு. நேர்ல போயி வாத்தியார்ட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்" என்று மலைவாழைத் தாரோடும் இந்தக் கடிதத்தோடும் கிளம்பி நிற்கிறார். அவரை மதுரை பஸ் ஏறவிடாமல் பிடித்து, அக்கா கையால் சோறு போட்டு, திருப்பி அனுப்புங்கள். தாரையும் கூடவே அனுப்புங்கள். இப்போதைக்கு என்னால் தின்ன முடிவது அது ஒன்றுதான்.