கம்பவுண்டர் பூப் போட்டுக் கேட்ட கேள்வி

கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியை இந்த உலகத்தில் எத்தனையோ மகான்கள் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியால் ஒரு தாலுகாவையே களைப்படைய வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் செஞ்சி மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். அவருக்கென்று ஒரு பெயரும் இருந்தது. சம்பளப் பட்டுவாடா அன்றைக்கு மட்டும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் மனிதர்களுக்கும் சரி, மாடுகளுக்கும் சரி, அவர் கம்பவுண்டர்தான்.

நான் அப்போது அங்கே ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அரிசிக்கு ரேஷன் கியூவில் நின்று, மாற்றல் கேட்டு மனுப் போட்டு, இரண்டுமே கிடைக்காமல் அலுத்துப்போயிருந்த அறுபதுகள். செஞ்சி வெயில் உங்களுக்குத் தெரியாது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை அந்த மலைகள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து திருப்பிக் கொடுக்கும். விடியற்காலையில் கொஞ்சம் கண் அசரலாம் என்று பார்த்தால், பக்கத்து வீட்டில் கம்பவுண்டருக்கும் அவர் சம்சாரத்துக்கும் கடவுளைப் பற்றிய விவாதம் ஆரம்பித்துவிடும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் சுவர். அதுவும் மண் சுவர்.

கம்பவுண்டர் பரம நாஸ்திகர். அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு பேர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நாஸ்திகம் பேசினார்கள். இவருடையது மாட்டு வைத்திய நாஸ்திகம்.

"ஒரு எலி இன்னா எடை தூக்கும்? நான் ஆஸ்பத்திரிக்காரன், எனக்குத் தெரியாதா? அந்தத் தொந்திய வெச்சா எலிக்கு முதுகு முறிஞ்சிடும்" என்பார்.

"நீங்க ஊசி போட்ட மாடு எழுந்து நிக்குதான்னு மொதல்ல பாருங்க. அப்பறமா எலி முதுகுக்குக் கவலைப்படலாம்" என்று விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே பதில் சொல்வாள் கம்பவுண்டரம்மா. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும்.

இவர் சிங்கத்துக்குப் போவார், மயிலுக்குப் போவார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு போடு போடுவாள். பெரும்பாலும் அவள் பக்கம்தான் வெற்றி. தோற்ற மனுஷன் காபியைக் குடித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, சந்தோஷமாக ஆஸ்பத்திரிக்குப் போவார். நான் தூக்கம் கெட்ட கண்ணோடு ஆபீஸுக்குப் போவேன்.

அப்படி இருந்த வீட்டில் ஒரு சித்திரை மாதம் எல்லாம் நின்றுபோனது. கம்பவுண்டரம்மாவுக்கு அஞ்சலை என்று ஒரு தங்கை. தாய் இல்லாத பெண் என்று இவளே தூக்கி வளர்த்து, வல்லத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். அந்தப் பெண் விஷக்காய்ச்சலில் படுத்துவிட்டது. இவள் திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, காப்புக் கட்டி, விரதம் இருந்து, தீமிதியில் இறங்கினாள். கம்பவுண்டர் வாயே திறக்கவில்லை. மஞ்சள் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றதை நான் பார்த்தேன். அவள் குழியைத் தாண்டி வந்தபோது காலில் ஒரு கொப்புளம் கிடையாது. குழிச் சாம்பலை முந்தானையில் முடிந்துகொண்டு, ஈரப் புடவையோடு வல்லத்துக்கு பஸ் ஏறினாள். பஸ் போய்ச் சேருவதற்குள் அஞ்சலை போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்து திரும்பி வந்ததும், சாமிப் படங்களைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினாள். விளக்கு ஏற்றவில்லை. புருஷனிடம் ஒன்றே ஒன்று சொன்னாளாம்.

"நீங்க சொன்னதுதான் சரி. என் காலைக் காப்பாத்தத் தெரிஞ்சவளுக்கு அந்தப் பொண்ணைக் காப்பாத்தத் தெரியல. அப்பிடி ஒருத்தி இருக்கமாட்டா."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தைக்காகக் காத்திருந்த மனுஷன் அவர். கிடைத்த அன்றைக்கு முகம் செத்துப்போய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஜெயிச்சிட்டேன் சார்" என்றார். "வீட்டுக்குள்ள போவவே புடிக்கல."

அவள் அழவில்லை. சண்டையும் போடவில்லை. சோறு போடுவாள், பாத்திரம் கழுவுவாள், உட்கார்ந்திருப்பாள். கம்பவுண்டர் வலுவில் போய், "முருகனுக்கு மயில் போதுமா?" என்று சீண்டினாலும், "போதாதுதான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு விடியற்காலையில் நல்ல தூக்கம் கிடைத்தது. அது எனக்கே நன்றாக இல்லை.

அதற்குப் பிறகுதான் கம்பவுண்டருக்கு அந்த யோசனை வந்தது. எதிர்க்கட்சிக்குப் பேச விஷயம் இல்லாமல் போய்விட்டது. நாமே தேடிக் கொண்டுவந்து கொடுப்போம். அன்றிலிருந்து கண்ணில் பட்டவனையெல்லாம் நிறுத்தி, "சாமி இருக்குதுன்னு நம்பறியா? ஏன் நம்பறே?" என்று கேட்க ஆரம்பித்தார். கிடைத்த காரணத்தை அன்று சாயங்காலமே சுடச்சுட வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவள் மறுபடி சண்டைக்கு வருவாளா என்று பார்ப்பதுதான் அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை.

மாட்டாஸ்பத்திரியில் ஜனங்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மாட்டைக் கட்டையில் பூட்டி, மூங்கில் குழாயில் மருந்தை ஊற்றி வைத்துக்கொண்டு, காரணம் சொன்னால்தான் மாட்டின் வாயைத் திறப்பார்.

"ஐயா, மாடு நிக்க முடியாம நிக்குதுங்க" என்று கெஞ்சினார் ஒரு குடியானவர்.

"நிக்கட்டும். நீ ஏன் கும்பிடறே, அதைச் சொல்லு."

"மாடு பொழைச்சா சாமி. செத்தா உங்க மருந்து. ரெண்டு பேரும் இருந்தாத்தான் எங்களுக்கு சவுரியம்."

கம்பவுண்டருக்கு அது பிரமாதமாகப் பட்டது. சாயங்காலம் சைக்கிளை விட்டு இறங்காமலே வாசலில் நின்று அதைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "அஞ்சலைக்கு ரெண்டு பேரும்தான் இருந்தாங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அடுத்தது சவரிமுத்து. பக்கத்துக் கிராமத்து வேதக்காரர், எருமை வைத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை பூசைன்னு ஒண்ணு இருக்கறதாலதான் சார் நான் வெள்ளை வேட்டி கட்டறேன். அது இல்லன்னா வருசம் பூரா கோவணந்தான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாதாகிட்ட இன்னா சொன்னாலும் பொறுமையா கேட்டுக்கினு இருப்பா. எங்க வீட்டுக்காரி அப்பிடியா?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். இதையும் கம்பவுண்டர் வீட்டில் ஒப்பித்தார். "பொறுமையா கேக்கறதுக்கு செவுரு போதும்" என்றாள் அவள்.

கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்த கறுப்புச் சட்டைக்காரர் இவருக்கு ஆப்த நண்பர். அவரிடமே போய், "கடவுள் இருக்கார்னு சொல்ல நல்ல பாயிண்ட் ஒண்ணு குடுப்பா" என்று கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கட்சி மாறிட்டியா?"

"நான் மாறல. எங்க வீட்டு எதிர்க்கட்சி படுத்துக்கிச்சி. எழுப்பி உக்கார வெக்கணும்."

"அதுக்கு என்கிட்டயே ஆயுதம் கேக்கறியா?" என்று அவர் காற்றடிக்கும் பம்ப்பைப் பிடுங்கி உள்ளே வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் கம்பவுண்டர் சைக்கிளுக்கு அந்தக் கடையில் காற்றுக் கிடையாது. வேறு கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார்.

என்னை விட்டாரா? கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது பிடித்துக்கொண்டார். "நீங்க ஏன் சார் கும்பிடறீங்க?" நான் அலுப்போடு, "பழக்கம்" என்றேன். "பீடி கூடத்தான் பழக்கம். இதெல்லாம் அவகிட்ட செல்லாது சார்" என்று என்னை நிராகரித்தார். நியாயமாகப் பார்த்தால் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு அதற்கும் தெம்பில்லை.

கடைசியில் அவளுக்கே சலித்துவிட்டது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "ஊர்ல போறவன் வர்றவனையெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க? இருக்காளா இல்லையான்னு அவளையே போயி கேளுங்களேன்."

அலுப்பில் சொன்ன வார்த்தை. கம்பவுண்டர் அதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் எனக்கு நிம்மதியான ஒரே காலை. கதவைத் தட்டினார்.

"வாங்க சார், அம்மன் கோயிலுக்கு. பூப் போட்டுக் கேக்கப் போறேன். எடுக்கறதுக்கு ஒரு மூணாவது ஆள் வேணும்."

பூப் போட்டுக் கேட்பது அங்கே வழக்கம்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அடையாளம் தெரியாமல் கட்டி அம்மன் காலடியில் வைத்து மனசில் இருப்பதைக் கேட்பார்கள். கட்டினதைப் பார்க்காத ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை.

பூசாரி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "பொண்ணு குடுக்கலாமா, கெணறு வெட்டலாமா, வழக்குப் போடலாமா, இதுக்குத்தான் கம்பவுண்டரே பூ. நீ இருக்கியான்னு அவளையே எவனும் கேட்டதில்ல."

"யாரும் கேக்காததாலதான் இத்தினி வருசமா தெரியாமலே இருக்குது" என்றார் இவர். பூசாரிக்கும் வெயில், எனக்கும் வெயில். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு அரளி.

"இந்தக் கேள்வியே வேணாங்கறா. அவ்வளவுதான்" என்றார் பூசாரி. "இல்ல, நான் இல்லவே இல்லன்னு சொல்றா" என்றார் கம்பவுண்டர். எனக்கு வாய் சும்மா இருக்காமல், "இல்லாதவள் எப்படி ஓய் இல்லை என்று சொல்வாள்?" என்று கேட்டுவிட்டேன். அதற்கு மேல் அரை மணி நேரம் வெயிலில் மூன்று பேரும் வாதாடினோம். ஒன்றும் முடிவாகவில்லை. இருபது வருஷமாக இவர் சொன்னதையே அம்மனும் சொல்லிவிட்டாள் என்று வைத்துக்கொண்டால், இவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். கண் கலங்கி நின்றார்.

திரும்பி வரும் வழியில், "வெள்ளைன்னு சொல்லிடட்டுமா சார்?" என்று கேட்டார். "சொல்லுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்" என்றேன். வழியெல்லாம் "வெள்ளை, வெள்ளை" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வாசலில் கம்பவுண்டரம்மா முறத்தில் ரேஷன் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் எதிரே போய் நின்றார். வாயைத் திறந்தார்.

"செவப்பு" என்றார். "இல்லன்னுட்டா."

பொய் சொல்ல அந்த மனுஷனுக்கு வரவே இல்லை. அவள் குனிந்த தலை நிமிராமல் இரண்டு கல்லை எடுத்து வெளியே போட்டாள். பிறகு கை நின்றது.

"எதுல கட்டனீங்க பூவை?"

"மருந்து மடிக்கிற காயிதத்துல."

"நூலு?"

"கட்டுப் போடற நூலு. ஆஸ்பத்திரியில இருந்துச்சி."

அவள் நிமிர்ந்தாள். "காயிதத்துல மடிச்சி வெக்கறதுக்கு அம்மனுக்கு இன்னா, பேதியா? இலையில கட்டணும்னு கூடத் தெரியாதா? தலைக்கு ஊத்திக்கினீங்களா? இல்ல. காலையில எருமைக்குக் கன்னு இழுத்துட்டு அந்தக் கவிச்சியோட போயிருக்கீங்க. வெள்ளிக்கிழமை கேக்கறதை ஞாயித்துக்கிழமை கேட்டிருக்கீங்க. ஈரத் துணியோட நின்னுதான் கேக்கணும். ஒரு நாளாவது கையெடுத்துக் கும்பிட்டிருக்கீங்களா நீங்க? நீங்க போயி கேட்டா அவ அப்பிடித்தான் சொல்லுவா."

"அப்போ, அவ சொன்னது செல்லாதா?" என்றார் கம்பவுண்டர் மெதுவாக.

"எப்பிடிச் செல்லும்? நான் கேட்டதுக்கே அவ இன்னும் பதில் சொல்லல. என் அஞ்சலைய ஏன் எடுத்துக்கினேன்னு தெனம் தெனம் கேக்கறேன். எனக்கு வாயத் தொறக்காதவ, உங்களுக்கு மட்டும் சொல்லிடுவாளா?"

சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அஞ்சலை போனபின் அவள் அழுததை அன்றைக்குத்தான் தெரு பார்த்தது. கம்பவுண்டர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன். முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்தார்.

அவள் அழுகை ஓய்ந்ததும், "வேணும்னா வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்திக்கினு மறுபடி போயி கேட்டுட்டு வரட்டுமா?" என்றார்.

"நீங்க ஒண்ணும் கிழிக்க வேணாம். நானே போயி கேட்டுக்கறேன்" என்றாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டு. "கல்லை விட்டுட்டு அரிசியப் பொறுக்கிப் போடறீங்க பாருங்க, குடுங்க இப்பிடி."

குனிந்த தலையோடு திட்டு வாங்கிக்கொண்டிருந்தார் கம்பவுண்டர். அந்த முகத்தில் அத்தனை நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுக்குள் போய்ப் படுத்திருக்கலாம். நான் போகவில்லை. பிற்பாடு எத்தனையோ ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டேன். அப்படி ஒரு தொல்லை அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.