தாளக்குறி கொஞ்சம் பெரிசா

ஐந்தை மூன்று என்று படித்தது ஒரு குற்றமா? நாற்பது பேர் வாசிக்கும் வாத்தியக்குழுவின் முன்னால் குச்சியோடு நின்று, ஐந்து எண்ண வேண்டிய இடத்தில் மூன்றோடு கையை முடித்துக்கொண்டால் குற்றம்தான். புதன்கிழமை ஒத்திகையில் மாஸ்டர் அதைத்தான் செய்தார். ட்ரம்பெட்காரர் இருமினார். காலி அரங்கின் கடைசி வரிசையில் குழுவின் செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மறுபடி முதல்லேருந்து" என்று மாஸ்டர் சமாளித்துவிட்டார்.

தாள் தெரியவில்லை, அதனால் தாளம் தெரியவில்லை. விஷயம் அவ்வளவுதான். புதிய உருப்படியில் நாலு வரிக்கொரு தரம் தாளம் மாறும். மாறும் இடத்தில் தாளக்குறியாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எண்கள் நிற்கும். அந்த இரண்டும் இப்போது அவர் கண்ணுக்கு இரண்டு எறும்புகள்.

கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஆனால் போன வருஷம் மனைவி கண் டாக்டர் பேச்சை எடுத்தபோது, "என் கண்ணுக்கா? எதிர்வீட்டு மாடியில காயற சட்டைக்கு எத்தனை பொத்தான்னு சொல்லட்டுமா?" என்று சவால் விட்டிருந்தார். ஐந்து என்று சொல்லவும் சொன்னார். காய்ந்தது துண்டு.

மனைவிதான் குழுவில் முதல் வயலின். இசைக்குறிப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்செடுத்து, அவர் முன்னால் வைப்பதும் அவள்தான். அவளிடம் போய் எண்ணைப் பெரிதாக்கச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பதவி போகும். கச்சேரிக்குப் பத்தே நாள். செயலாளர் வேறொரு மாஸ்டரிடம் பேசிக்கொண்டிருப்பதாகப் புல்லாங்குழல்காரர் காதில் போட்டிருந்தார். அவளுக்குத் தெரியாமல் தானே பெரிதாக்கிவிடுவது என்று மாஸ்டர் முடிவு செய்தார்.

மறுநாள் மத்தியானம் மனைவி வயலின் வில்லுக்கு முடி மாற்றக் கிளம்பினாள். "ஒரு மணி நேரத்துல வந்துடுவேங்க."

கதவு சாத்தியதும் மாஸ்டர் பக்கத்துத் தெரு அச்சகக்காரருக்குப் போன் போட்டார்.

"எண்ணை எப்படிங்க பெரிசாக்கறது?"

"எண்ணெயா? இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

"எண்ணுங்க! நம்பர்! தாளக்குறி!"

"ஏன் கிசுகிசுக்கறீங்க? வீட்ல யாராவது தூங்கறாங்களா?"

"வீட்ல யாருமே இல்லை."

"அப்புறம் என்ன?"

"பழக்கம்."

"சரி. அமைப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், திறங்க. தாளக்குறி, அளவுன்னு இருக்கா? நூறு போட்டிருக்கும். நூத்தம்பதாக்குங்க."

மாஸ்டர் மூக்கைத் திரையில் ஒட்டினார். "நூத்தித்தொண்ணூறுன்னு இருக்கே."

"இருக்காதே. எல்லாருக்கும் நூறுலதான் ஆரம்பிக்கும்."

"இருக்குங்க!"

"அப்ப ஏற்கெனவே யாரோ தொட்டிருக்காங்க."

யார் என்று யோசிக்க நேரமில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவசரமாக நானூறு என்று தட்டினார்.

எண்கள் எழுந்து நின்றன. அடுக்குமாடிக் கட்டடம் மாதிரி நின்றன. மேல்வரி ஐந்து கீழ்வரிக்காரர்கள் தலையில் உட்கார்ந்தது. சுரங்களெல்லாம் பக்கத்தைவிட்டு வெளியேறின. பன்னிரண்டு பக்கம் முப்பத்தொன்றாயிற்று.

"ஐயோ, கிளாரினெட் வரியைக் காணோம்!"

"பதறாதீங்க. மேல, இடது பக்கம், திரும்பற மாதிரி ஒரு அம்பு. அதை அழுத்துங்க."

அம்பு என்று நினைத்து மாஸ்டர் எதையோ அழுத்தினார். உள்ளறையில் பிரிண்டர் கனைத்தது. ஒவ்வொரு தாளாகத் துப்ப ஆரம்பித்தது. ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். பிடுங்கியது மேஜை விளக்கின் வயர். வந்த தாள்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மனைவி உள்ளே வந்தாள். கழுத்துப்பட்டைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தாளை உருவினாள்.

"என்னங்க இது, தினசரிக் காலண்டரா?"

"அது... கம்ப்யூட்டர் தானா..."

மனைவி கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாள். "தானா நானூறு போட்டுக்கிச்சா?"

மாட்டிக்கொண்டவர் எதிர்த்தாக்குதலில் இறங்கினார். "முன்னாடியே நூத்தித்தொண்ணூறு இருந்துச்சே, அது யாரு வேலை?"

"என் வேலைதான். நூத்திப்பத்துல ஆரம்பிச்சேன். நீங்க கண்ணைச் சுருக்கறப்பல்லாம் பத்துப் பத்தா ஏத்தினேன். இதுக்கு மேல தாள்ல இடம் இல்லீங்க. அதான் இப்போ போய் டாக்டர்கிட்ட பேர் பதிஞ்சுட்டு வந்தேன். நாளைக்குப் பதினோரு மணி."

"வில்லுக்கு முடி?"

"அது போன வாரமே மாத்தியாச்சு."

மறுநாள் காலை குளித்து, சட்டை மாற்றி, அவள் சொல்லாமலே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

கச்சேரி நாள் வந்தது. மூக்கில் புதுக் கண்ணாடி. செயலாளர் முதல் வரிசையில். மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குச்சியைத் தூக்கினார். பழையபடி நூறிலேயே அச்சடித்த தாளில் ஐந்து ஐந்தாகவும் மூன்று மூன்றாகவும் நின்றன. தாளம் மாறிய ஒவ்வொரு இடத்திலும் குழு ஒரே ஆள் போலத் திரும்பியது. பாதி உருப்படி தாண்டியதும் மாஸ்டருக்கு மூச்சு வந்தது. இத்தனை பேரையும் இந்த ஒரு குச்சியில் கட்டி வைத்திருக்கிறோமே என்று நெஞ்சு நிமிர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு, முதல்முறையாகத் தாளைவிட்டுத் தலையைத் தூக்கிக் குழுவைப் பார்த்தார்.

எல்லா முகங்களும் துல்லியமாகத் தெரிந்தன. மனைவியைத் தவிர முப்பத்தொன்பது பேர். எழுபத்தெட்டுக் கண்கள். அத்தனையும் அவள் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தன.